காப்பிக்கு மலையேறுனது

காப்பிச் செடிகளுக்கு நடுவுல நின்னுக்கிட்டே, காப்பிச் செடி எங்கன இருக்குன்னு கேட்ட ஆளு நான். கேட்டதோட நிப்பாட்டியிருக்கலாம். இந்தப் பொதரையெல்லாம் வெட்டி விட்டா நடக்க வசதியா இருக்குமேன்னு தோட்டக்காரருக்கு யோசனை வேற சொன்னேன். அந்த மனுசன் மெதுவா ஒரு கிளையை வளைச்சு, கணுவுக்குக் கணு செவப்பா ஒட்டிக்கிட்டு இருந்த பழத்தைக் காட்டி, இதுதான் நீங்க தேடி வந்ததுன்னாரு. எங்க ஊரா இருந்தா அன்னையில இருந்து எனக்குப் 'பொதரு'ன்னே பேரு வச்சிருப்பாங்க.

என்னையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. கோவில்பட்டிக் கரிசல்ல பொறந்தவனுக்குத் தெரிஞ்ச செடின்னா பருத்தியும் மிளகாயும்தான். பருத்தியில காய் வெடிச்சுப் பஞ்சு எட்டிப் பாக்கும்லா, அதே மாதிரி காப்பியிலயும் காய் வெடிச்சு உள்ள இருந்து கருகருன்னு கொட்டை எட்டிப் பாக்கும்னு நெனச்சிருந்தேன். கொட்டையை வறுக்கணும்னு தெரியும். தெரிஞ்சும் என் மனசுக்குள்ள இருந்த செடியில வறுத்த கொட்டைதான் காய்ச்சிருந்துச்சு.

நான் அப்ப ஒரு வத்தல் கமிஷன் கடையில சரக்கு பாக்குற வேலையில இருந்தேன். பசுவந்தனைப் பக்கமிருந்து வண்டி வண்டியா மிளகா வத்தல் வரும். மூடைக்குள்ள கையை விட்டு ஒரு பிடி அள்ளி, காதுக்கிட்ட வச்சு இறுக்குவேன். நொறுங்குற சத்தத்தை வச்சே, நல்லாக் காஞ்சதா, எடைக்குத் தண்ணி தெளிச்சதான்னு சொல்லிருவேன். இதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வத்தல் தெரிஞ்சவனுக்கு எல்லாச் சரக்கும் தெரியும்னு ஒரு நெனப்பு. என்னை மலையேத்துனது அந்த நெனப்புதான்.

என் தங்கச்சி மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல காப்பிக் கடை வச்சிருந்தாரு. கடைன்னா ஒரு பாய்லர், ரெண்டு பெஞ்சு, ஒரு இட்லிக் கொப்பரை. பின்கட்டுல தங்கச்சி மாவாட்டுவா. அந்தக் கடைதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. வீசை போயி கிலோ வந்த புதுசுல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கடை தொறந்தாரு. 'அசல் டிகிரி காப்பி'ன்னு வாரவன் போறவன் மூஞ்சியில அடிக்கிற மாதிரி போர்டு.

எங்க ஊர்ல ஒரு கடை நிக்கிறதும் படுக்குறதும் பஸ் டிரைவர் கையிலதான் இருக்கு. டிரைவரும் கண்டக்டரும் எங்கன டம்ளரைத் தூக்குதாங்களோ, அங்கனதான் வண்டி நிக்கும். வண்டி நின்ன எடத்துலதான் சனம் எறங்கும். கழுகுமலை வண்டியும் சங்கரன்கோவில் வண்டியும் மாப்பிள்ளை கடை வாசல்ல நின்ன வண்டிக. ரெண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணா எதுத்த பக்கம் ஒதுங்கிருச்சு. தங்கச்சி ஆட்டுன மாவு மீந்து புளிச்சுது. இப்படியே போனா கடையைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போக வேண்டியதுதான்னு அவ என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னா. அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா நெசம்னு அர்த்தம்.

மாப்பிள்ளை யோசிச்சாரு. நாம போடுற தூளுல காப்பியைவிடப் புளியங்கொட்டைதான் கூட, அதான் டிரைவருமாரு ஓடிட்டாங்கன்னு கண்டுபிடிச்சாரு. மலையில போயிக் கொட்டையாவே வாங்கியாந்து, சனங்க கண்ணு முன்னாலயே வறுத்து, அரைச்சு, சுடச்சுடப் போட்டுக் குடுத்தா எதுத்த கடை போர்டைக் கழட்டிருவான்னாரு. கழுகுமலை வண்டி டிரைவர் கொஞ்சம் வயசான மனுசன், யார் கேட்டாலும் பேச்சுத் தட்டாதவர். அவர்கிட்டப் போயி, ஒரு நாளைக்கு வந்து குடிச்சுப் பாருங்கண்ணாச்சின்னு கேட்டு வாக்கும் வாங்கிட்டாரு.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "மச்சான், நீங்க சரக்கு பாக்கத் தெரிஞ்சவிய. நீங்க போனாத்தான் சரிப்படும்"னாரு.

இந்த ஒரு வார்த்தைக்கு நான் இமயமலைக்கே போயிருப்பேன்.

தை மாசம். புது வத்தல் வரத்து இன்னும் ஆரம்பிக்கல, முதலாளி லீவு குடுத்தாரு. கடையில கெடந்த காலிச் சாக்குல நல்ல கெட்டிச் சாக்கா ரெண்டு பொறுக்குனேன். வத்தல் போட்ட சாக்குதான். எங்க ஊர்ல வேற என்ன சாக்கு கெடைக்கும்? உள்பக்கத்தை வெளிய திருப்பி, சுவத்துல நாலு சாத்து சாத்தி, ஒதறிச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டேன். மணியாச்சியில இருந்து வார பாசஞ்சர்ல ஏறி உக்காந்தேன்.

எனக்குப் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. சாத்தூர் தாண்டல, தும்ம ஆரம்பிச்சாரு. விருதுநகர் வரைக்கும் தும்முனாரு. மிளகு ரசம் வச்சுக் குடிங்கன்னு சொன்னேன். அவர் எந்திரிச்சு அந்தப் பக்கத்துப் பெட்டிக்குப் போயிட்டாரு. நல்லது சொன்னா எவன் கேக்கான்னு நெனச்சுக்கிட்டு, அந்த எடத்துலயும் சாக்கை வச்சு காலை நீட்டிக்கிட்டேன்.

வத்தலக்குண்டுல மலைக்குப் போற பஸ் ஏறுனேன். கொண்டை ஊசி வளைவு திரும்பத் திரும்பக் குளிர் ஏறுச்சு, ஜன்னல் படுதாவை எறக்கி விட்டாங்க. கண்டக்டர் தும்முனாரு. முன் சீட்டுல ஒரு அம்மா தும்முனாவ. கடைசி சீட்டுல யாரோ இருமுனாங்க. எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. மலைன்னா நல்ல காத்து, ஆரோக்கியம்னு சொல்லுதாங்க, இங்க பாத்தா பஸ்ஸு முழுக்கச் சளி. குளிர் ஒத்துக்காம போற சனம் ஏன் குளிர்லயே போயிக் குடியிருக்குன்னு எனக்கு வெளங்கவே இல்ல.

பஸ் நிக்கிற எடத்துல இருந்து தோட்டத்துக்கு ரோடு கெடையாது. மட்டக் குதிரை மேலதான் பொதி ஏறும், எறங்கும். ஒரு குதிரைக்காரர் என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. என் சாக்கு ரெண்டையும் குதிரை முதுகுல போட்டோம். பத்தடி போகல, குதிரை தும்முச்சு. குதிரை தும்மி நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. ஒடம்பு மொத்தமும் குலுங்கி, காது ரெண்டும் பின்னால போயி, பெரிய மனுசன் மாதிரி ஒரு தும்மல். கொஞ்ச தூரம் போயி இன்னொண்ணு. இது எப்பவும் இப்படித்தானான்னு குதிரைக்காரர்கிட்டக் கேட்டேன். இன்னைக்குத்தான் சாமி என்னமோ பண்ணுதுன்னு அவரும் மூக்கைத் தொடைச்சுக்கிட்டாரு. மனுசனுக்கு மட்டும் இல்ல, கால்நடைக்கும் இங்க சளி உண்டுன்னு மனசுல குறிச்சுக்கிட்டேன். ஊருக்குப் போனா சொல்லுததுக்கு ஒரு சேதி.

என் மூக்கைப் பத்தி இங்க ஒரு வார்த்தை சொல்லிருதேன். கல்யாணத்துக்கு முன்னாலயே வத்தல் கடையில வேலைக்குச் சேந்தவன். சேந்த புதுசுல தும்முனேன், இருமுனேன், கண்ணுல தண்ணியா ஊத்துச்சு. பெறகு நின்னு போச்சு. மல்லிகைப்பூ வாசம் தெரியும், கருவாட்டு வாசம் தெரியும், வத்தல் நெடி மட்டும் எனக்குக் கெடையாது. எங்க கடைப் பூனைகூட வத்தல் மூடை மேல சுருண்டு தூங்கும்.

தோட்டத்துல நடந்ததுல பாதியை மேலயே சொல்லிட்டேன். மீதி இதுதான். அந்தத் தோட்டக்காரர் காட்டுன பழத்தைப் பறிச்சு வாயில போட்டேன். இனிச்சுது. காப்பிப் பழம் இனிக்கும்னு அதுவரைக்கும் எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. உள்ள ரெண்டு கொட்டை, முகத்தோட முகம் வச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. காயப்போட்டிருந்த கொட்டையில ஒண்ணை எடுத்துக் கடிச்சேன். பல்லுதான் வலிச்சுது. ஒரு வாசனையும் இல்ல, பச்சைப் பயறைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. எலையைக் கசக்கி மோந்தேன், வெறும் எலை. செடியில இல்ல, பழத்துல இல்ல, கொட்டையிலயும் இல்ல, அப்ப காப்பி வாசனை எங்க இருந்துதான் வருதுன்னு கேட்டேன். தீயில இருந்து வருதுன்னாரு. அடுப்புல போடுற வரைக்கும் அது காப்பியே இல்லையாம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அன்னைக்குப் பூராவும் அவரைக் கேள்வி கேட்டே கொன்னேன். பூ எப்ப பூக்கும், நெழலுக்கு ஏன் மரம் வேணும், கொரங்கு இதைத் திங்குமா, அதுக்குத் தூக்கம் வருமா. எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. கொரங்கு தூங்குமான்னு மட்டும் பாத்ததில்லைன்னாரு.

அவர் வீட்டம்மா காப்பி குடுத்தாவ. உலகத்துலயே நல்ல காப்பி அங்கதான் கெடைக்கும்னு ரெண்டு கையாலயும் வாங்குனேன். பால் இல்லாத காப்பி, வெல்லம் போட்டது. நல்ல கொட்டையெல்லாம் விக்கப் போயிரும், ஒடைஞ்சதும் சொத்தையும்தான் வீட்டுக்குன்னு அந்தம்மா சொன்னாவ. சொல்லிட்டு முந்தானையை மூக்குல வச்சுத் தும்முனாவ. சுக்கு தட்டிப் போடுங்கம்மான்னேன்.

விக்கிற சரக்குக்கெல்லாம் முன்னாலயே ஆளு இருக்காம். வீட்டுச் செலவுக்குன்னு ஒதுக்கி வச்சதுல இருந்து எனக்கு ரெண்டு சாக்கு தாரேன்னு தோட்டக்காரர் ஒத்துக்கிட்டாரு. வெலை பேசணும். எங்க கடை வழக்கப்படி தோளுல கெடந்த துண்டை எடுத்து அவர் கை மேல போத்தி, உள்ள விரலைப் பிடிச்சேன். எந்த விரலை எத்தனை தடவை அமுக்குதோமோ அதுதான் வெலை, பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது. அவர் கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு வீட்டம்மாவைப் பாத்தாரு. அந்தம்மா உள்ள போயிட்டாவ. பக்கத்துல வேற ஆளே இல்லையே, வாயால சொல்லுங்களேன்னாரு. சொன்னேன். வெலை படிஞ்சுது.

கொட்டையை அளந்து போடுததுக்கு நான் சாக்கை விரிச்சேன். அவர் குனிஞ்சவர் நிமிந்துட்டாரு.

"என்னமோ நெடி வருதே அண்ணே."

"நெடியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

நெசமாவே தெரியல. காப்பிக் கொட்டை பக்கத்துல எது இருந்தாலும் அதோட வாசத்தைப் பிடிச்சு உள்ள வச்சுக்கிடும், நாங்க வெங்காயத்தைக்கூட அந்த ரூமுல வைக்க மாட்டோம், என்கிட்டப் புதுச் சாக்கு இருக்கு, அதுல கொண்டுபோங்கன்னாரு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. சரக்கு பாக்குறதே தொழிலா வச்சிருக்கவன்கிட்ட சாக்கு நல்லால்லைன்னா எப்படி? எங்க ஊரு சாக்கு எறும்பு ஏறாது, பூச்சி அண்டாது, அப்படிப்பட்ட சாக்குன்னேன். அது பூராவும் உண்மை. ஏன் ஏறாதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருந்தா இந்தக் கதையே இல்ல. அவர் ரெண்டு தும்மல் தும்மிட்டு, உங்க இஷ்டம்னு அள்ளிப் போட்டாரு.

ஊர் வந்து சேந்ததும் மாப்பிள்ளை மூடையை எறக்கி மாலை போடாத குறைதான். வறுக்குறதுக்கு எங்கனயோ ஒரு இரும்பு உருளை எரவல் வாங்கி வச்சிருந்தாரு. கீழ கரி அடுப்பு, பக்கத்துல சுத்துறதுக்குக் கைப்பிடி. மறுநாள் காலையில கடை வாசல்ல, ரோட்டைப் பாக்க அதை நிறுத்துனோம். கழுகுமலை வண்டி டிரைவர் சொன்ன மாதிரியே வண்டியைக் கொண்டாந்து எங்க பக்கம் நிறுத்திட்டு எறங்குனாரு. சனங்களும் எறங்குச்சு. பெஞ்சு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. அந்தக் காட்சியைப் பாத்து ரொம்ப நாள் ஆச்சு. தங்கச்சி பின்கட்டுக் கதவுல நின்னு எட்டிப் பாத்தா. கைப்பிடியை நான்தான் சுத்துனேன். வேற யாரையும் தொட விடல.

சுத்திக்கிட்டே மலைக் கதை சொன்னேன். பழம் இனிக்கும்னேன், வாசனை தீயில இருக்குன்னேன். மொதல்ல பயறு வறுக்குற வாடை வந்துச்சு. கொஞ்ச நேரம் போனதும் நெசமாவே காப்பி வாசனை வந்துச்சு. நிமிந்து பாத்தா முன் பெஞ்சுல இருந்தவங்க கண்ணுல தண்ணி. டிரைவர் துண்டால கண்ணைத் தொடைச்சாரு. நல்ல காப்பி வாசனை மனுசனை இந்தப் பாடு படுத்துமான்னு எனக்கே நெஞ்சு அடைச்சுது. இன்னும் வேகமாச் சுத்துனேன்.

ஒருத்தர் இருமுனாரு. அப்புறம் எல்லாரும் இருமுனாங்க. பெஞ்சு கவுந்துச்சு. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பஸ்ஸுக்குள்ள ஓடுனா, பஸ்ஸுக்குள்ளயும் பொகை போயிருந்துச்சு. எதுத்த கடையில இருந்தவங்க டம்ளரை அப்படியே போட்டுட்டு ரோட்டுக்கு வந்தாங்க. மாப்பிள்ளை கருகிருச்சுன்னு நெனச்சு உருளை மூடியைத் தொறந்து விட்டாரு பாருங்க, அப்பத்தான் எனக்கே தொண்டை பிடிச்சுது. வத்தல் நெடியில நான் இருமுனது, சேந்த புதுசுக்குப் பெறகு அன்னைக்குத்தான்.

தங்கச்சி முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு வந்தா. மூடையில கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில பரப்புனா. பச்சைக் கொட்டைக்கு நடுவுல மஞ்ச மஞ்சளா மிளகா வெதை. சாக்கு மடிப்புல இருந்தது, தையல்ல இருந்தது, எல்லாம் மலைக்குப் போயிட்டுப் பத்திரமாத் திரும்பி வந்திருந்துச்சு.

"யண்ணே, இதை எதுல கொண்டாந்த?"

நான் சாக்கைப் பாத்தேன். மாப்பிள்ளை என்னைப் பாத்தாரு. அந்தக் கணத்துல ரெயில்ல எந்திரிச்சுப் போன மனுசன், கண்டக்டர், குதிரை, வீட்டம்மா எல்லாரும் வரிசையா என் கண்ணு முன்னால வந்து ஒருக்கத் தும்மிட்டுப் போனாங்க.

பொகை அடங்குனதும் சனம் திரும்பி வரல. டிரைவர் மட்டும் வந்தாரு. குடிச்சுப் பாக்கேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், போடுங்கன்னாரு. மாப்பிள்ளை வேண்டாம் அண்ணாச்சின்னு கெஞ்சுனாரு. அவர் கேக்கல. வறுத்ததை அரைச்சு, எறக்கி, நொரை பொங்க ஆத்திக் குடுத்தாரு மாப்பிள்ளை. டிரைவர் ஒரு வாய் குடிச்சாரு, நெத்தியில வேர்வை துளுத்துச்சு. இன்னொரு வாய் குடிச்சாரு. டம்ளரைக் கீழ வச்சாரு.

"குத்தம் இல்ல. கொஞ்சம் கறித்துண்டு கெடந்துச்சுன்னா சோத்துல ஊத்திச் சாப்பிட்டிருக்கலாம்."

மாப்பிள்ளை பாய்லரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. கடை முடிஞ்சு போச்சுன்னு அவர் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. எதுத்த கடைக் காப்பி அப்படி என்னதான் உசத்தி, அதையாவது சொல்லிட்டுப் போங்கன்னு கேட்டாரு. டிரைவருக்கு அந்தக் கேள்வியே வெளங்கல.

"அங்கன காப்பி எவன் குடிக்கான்? நாங்க டீ குடிக்கப் போறோம். போற ஊர்லயெல்லாம் குடிச்சுப் பழகிருச்சு, வண்டி ஓட்டுததுக்கு அதுதான் தோதா இருக்கு. நீங்கதான் டீ போடுததில்லையே."

நாங்க அந்த போர்டைத்தான் படிச்சோம். போர்டுக்குக் கீழ எவன் என்ன குடிக்கான்னு ஒரு நாளும் பாக்கல. நான் ரெயிலேறி, பஸ்ஸேறி, குதிரை பின்னால நடந்து மலைக்குப் போனேன், எதுத்த கடைக்குப் போக அந்த ரோட்டை மட்டும் தாண்டல. டீ போட்டா வண்டியை இங்கனயே நிறுத்துவியளான்னு தங்கச்சிதான் கேட்டா. இட்லி இந்தப் பக்கம்தான் நல்லாருக்கும், நிறுத்துதேன், ஆனா அந்த உருளையைக் கண்ணுல காட்டாதீங்கன்னாரு.

அந்த வாரமே டீ போட்டாங்க. மொதல் ரெண்டு நாளு டீயும் நல்லால்ல, அது வேற கதை. பெறகு மாப்பிள்ளைக்குக் கை பழகிருச்சு. கழுகுமலை வண்டி வந்துச்சு, கொஞ்ச நாள் கழிச்சு சங்கரன்கோவில் வண்டியும் வந்துச்சு. மாவு புளிக்கிறது நின்னுச்சு. மலையில இருந்து வந்த கொட்டையைத் தங்கச்சி பொடைச்சு, வெதையைப் பொறுக்கி, அலசிக் காயவச்சுப் பாத்தா. காரம் போகல. அதைத் தூரப் போட அவளுக்கு மனசு வரல, வீட்டுல வச்சுக்கிட்டா. மழைக்காலத்துல யாருக்காவது மூக்கு அடைச்சா அதுல ஒரு டம்ளர் போட்டுக் குடுப்பா. அடைப்பு ஒடனே விட்டுரும். அந்த வகையில நான் கொண்டாந்த சரக்கு வீணாப் போகலன்னு சொல்லிக்கிடலாம். நான்தான் சொல்லிக்கிடுதேன், வேற ஒருத்தரும் சொல்லல.

ஒரு நாள் சாயங்காலம் கடையில கூட்டம் நல்லா இருந்துச்சு. மாப்பிள்ளை சந்தோசமா இருந்தாரு. பேச்சோட பேச்சா, டீத்தூளைக் கடையில வாங்குறதுக்குப் பதிலா நேரா மலையிலயே வாங்குனா என்ன, அந்த எலையை எப்படிக் காய வைக்காங்கன்னு பாக்கணும்னு எனக்கும் ரொம்ப ஆசையா இருக்கு, இந்தத் தடவை புதுச் சாக்காவே கொண்டுபோறேன்னேன். மாப்பிள்ளை ஆத்திக்கிட்டு இருந்த டீயை அந்தரத்துலயே நிப்பாட்டிட்டாரு.

பின்கட்டுல இருந்து தங்கச்சி சத்தம் குடுத்தா.

"நீ ஒரு மலைக்கும் போகாண்டாம்ணே. அங்க உள்ளவங்களாவது தும்மாம இருக்கட்டும்."